ரெண்டு பக்கமும் பார்டர் போட்ட பிளிட்ஸ்

சேலைக்கு டிசைன் வரையத் தெரிந்தவனுக்கு, உலகத்தில் எதையும் வரைந்துவிடலாம் என்று ஒரு கொழுப்பு உண்டு. எனக்கு அது கூடுதலாகவே இருந்தது.

கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் அணி தொடங்கியபோது எனக்கு ஓடவும் வராது, பந்தைப் பிடிக்கவும் வராது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டில் தறிக்காக கிராஃப் தாளில் யாளி வரைகிறவன் என்பதால் தடுப்பாட்டத் திட்டம் என் தலையில் விழுந்தது. (தகுதி: நான்கு யூடியூப் வீடியோ.) எதிரணிக்காரன் பந்தை எறிவதற்குள் நம் ஆட்கள் இடத்தை விட்டுப் பாய்ந்து அவனை அமுக்குவதற்கு பிளிட்ஸ் என்று பெயர். அதை நான் வரைய வேண்டும்.

பி.டி. மாஸ்டர் முன்பே சொல்லிவிட்டார். "ஒரு மேட்ச் பாக்கறேன்பா. மானம் போச்சுதுன்னா ஹெல்மெட்டெல்லாம் ஸ்டோர் ரூமுக்கு. டீமும் கிடையாது."

மூன்று நாள் வரைந்தேன். இடது ஓரத்தில் நான்கு பேர் பாய்ந்தால் வலது ஓரத்திலும் நான்கு பேர். ஒரு பக்கம் மட்டும் பார்டர் வைத்தால் பார்க்கச் சகிக்குமா? தாளைப் பார்த்து நானே சொக்கிப்போனேன்.

மேட்ச் அன்று விசில் ஊதியதும் எட்டுப் பேரும் பாய்ந்தார்கள். எதிரணியில் பந்தை எறிகிற சென்னைப் பையன் காலியாகக் கிடந்த நடுவில் பந்தை மெதுவாகப் போட்டான். அவன் கூட்டாளி அதை வாங்கிக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறவன் மாதிரி கோட்டைத் தாண்டினான். நான்கு முறை இப்படியே. "இன்னும் வேகமா!" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். (யார் வேகமாக என்று எனக்கே தெரியாது.)

இடைவேளையில், வேடிக்கை பார்க்க வந்திருந்த என் அக்கா கலைச்செல்வி தாளைப் பிடுங்கினாள். தறியில் உட்காருகிறவள்.

"ரெண்டு பக்கமும் பார்டர் அம்சமா போட்டுக்கினு இருக்கிற. உடம்புல யார்டா இருக்கறது?" (சேலையில் இரண்டு பார்டருக்கும் நடுவே இருப்பதுதான் உடம்பு.)

மொத்த அணியும் சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் பேனாவை எடுத்து வலது பக்கத்தை அடித்தேன். இடது பக்கம் பாயட்டும். வலது பக்கம் பாய்வதுபோல பாவலா காட்டிவிட்டு நடுவுக்கு வரட்டும். கோணலாக, அசிங்கமாக இருந்தது.

அந்த அசிங்கத்தில்தான் சென்னைப் பையன் பந்தோடு மண்ணில் உருண்டான். தோற்றோம். ஆனால் இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. மாஸ்டர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு, "சனிக்கிழமை சீக்கிரமா வாங்கப்பா" என்றார். நான் ஹெல்மெட்டுகளை ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணி அடுக்கினேன்.

போன வருடம் என் கல்யாணத்தில், வாசலின் இரண்டு பக்கமும் பன்னீர் தெளிக்க சொந்தக்காரர்களை எல்லாம் நிறுத்திவிட்டு, மேடையிலிருந்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தியில் பரிமாற ஒரு ஆள் இல்லை. சாம்பார் வாளியோடு ஓடிய அக்கா, மேடையைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய்! உடம்புல யார்டா?"

தாலி கட்டி பத்து நிமிஷம்கூட ஆகாத என் மனைவி அர்த்தம் கேட்டாள். சொன்னேன். அன்றிலிருந்து அவளும் கேட்கிறாள்.