ஆண் இல்லாத வீட்டுக்குக் கிருமி வராதாம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நீயும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தை நீ கேட்கவே வேண்டாம், நானே கொட்டிவிடுகிறேன்.

மூன்று வாரமாக எனக்குக் கீழே அரிப்பு, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். பஸ் ஓட்டுகிறவள் சீட்டில் நெளிந்தால் எப்படி இருக்கும்? ஒரு பெரியவர் பிரேக்கில் ஏதும் கோளாறா என்றே கேட்டுவிட்டார். லீவு போட்டு, டிப்போவுக்கு எதிரே இருக்கும் லேடி டாக்டரிடம் போனேன். சுவர் முழுக்கப் பட்டங்கள். கணவர் உண்டா என்றார், இல்லை. ஆண் சகவாசம்? அதுவும் இல்லை. அப்படியானால் டெஸ்டே வேண்டாம், உடம்புச் சூடு, நிறையத் தண்ணீர் குடி என்று சீட்டெழுதத் தொடங்கிவிட்டார். நானும் வெட்கத்தை விட்டு, பதினோரு வருஷமாக ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறேன் என்றேன். பேனா நின்றது.

"பொம்பளையும் பொம்பளையும்னா என்னம்மா ஒட்டும்? ஆம்பளை இல்லாம நோய் எங்கேருந்து வரும்?"

என்ன அறிவு அந்த மடச்சிக்கு, அக்கா! கிருமி வாசலில் நின்று, உள்ளே ஆண்பிள்ளை இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் நுழையும் போலிருக்கிறது.

குடம் குடமாய்க் குடித்தேன். நாலாம் நாள் என் வீட்டுக்காரியும் தையல் மெஷின் முன்னால் உட்கார முடியாமல் நின்றபடியே பட்டன் தைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், நான் வேறெங்கோ போய் வாங்கி வந்ததுபோல. இரண்டு நாள் பேச்சே இல்லை. பிறகு அவளே என்னை இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒரு நர்ஸ் முகம் சுளிக்காமல் எல்லாம் கேட்டு, பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து, தொற்றுதான் என்றார். பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் பரவுமாம், வெளியாள் யாரும் இல்லாமல் தானாகவே தொடங்கவும் செய்யுமாம், மாதக்கணக்கில் சத்தமில்லாமல் பதுங்கியும் இருக்குமாம். யார் யாருக்குத் தந்தது என்று சண்டை போடாமல் இரண்டு பேரும் சேர்ந்து மாத்திரை சாப்பிடுங்கள் என்றார். கருப்பைவாய்ப் புற்றுநோய் டெஸ்ட் எடுத்தீர்களா என்றும் கேட்டார். இந்த வயதுவரை எங்களிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. வெளியே வந்ததும் வீட்டுக்காரி என் கையைப் பிடித்து, "தப்பா நெனச்சுட்டேன்" என்றாள்.

ரிசல்ட் தாளைக் கொண்டுபோய் அந்த டாக்டர் மேசையில் வைத்து, நர்ஸ் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். அம்மணி தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். ஆகவே அக்கா, மருத்துவக் கவுன்சிலுக்கு ஒரு புகார் டைப் அடித்து அனுப்பு. 'மடச்சி' என்ற சொல்லை மட்டும் நாகரிகமாக மாற்றிக்கொள்.

மாமாவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உன் தங்கை

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் அந்த டாக்டரே போன் செய்தார். அந்த நர்ஸை எங்கே பார்க்கலாம் என்றார், ஒரு தோழிக்காகவாம். தோழிக்கு மட்டுமா என்றேன்.

"ரெண்டு பேருக்கும்."

புகார் வேண்டாம் அக்கா. நாளைக் காலை அவர்களை நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.