நரகப் படத்துக்கு மேளம் வைத்த கதை

"மாபெரும் இலவசப் படக்காட்சி! பேசாப்படக் காலத்து வெளிநாட்டு அதிசயம்! நரகலோகத்தில் ஒரு பலசாலி! பூதங்களோடு பொருதும் காட்சிகள்! நேரடி இசையுடன்! வரலாற்று விளக்கவுரையும் உண்டு. அமைதி காக்கவும்."

இளஞ்சிவப்புத் தாளில் அச்சடித்த இந்த நோட்டீஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. தேதியும் கிழமையும் அதில் தெளிவாக உண்டு. இங்கே எழுத மாட்டேன். எழுதினால் என் மனைவி வீட்டார் அதை ஆண்டுவிழாவாக்கி, வருஷா வருஷம் பாயசம் வைத்துச் சிரிப்பார்கள். (குத்துமதிப்பாக ஒரு நாளில் இப்போதே அதைத்தான் செய்கிறார்கள்.) நோட்டீஸில் சொன்னதில் எதெல்லாம் நடந்தது என்று பின்னாளில் ஒப்பிட்டுப் பார்த்தேன். நேரடி இசை நடந்தது. அமைதி நடக்கவில்லை.

அப்போது எனக்கு முப்பது வயது. பாளையங்கோட்டையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மிச்ச நேரமெல்லாம் வரலாறு. ராஜாக்கள் வரலாறு இல்லை. தாமிரபரணிக் கரை ஊர்களில் எந்தக் கொட்டகையில் எந்தப் படம் எந்தத் தேதியில் ஓடியது என்கிற வரலாறு. இதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவன் பூமியில் நான் ஒருவன்தான். ஆனாலும் தேதி ஒருநாள் பிசகினால் ஊரே திரண்டு வந்து விளக்கம் கேட்கும் என்பதுபோல நடந்துகொள்வேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் "மழை வருமா தம்பி?" என்று கேட்டுவிட்டால், போன வெள்ளம் வந்த கிழமையிலிருந்து ஆரம்பிப்பேன். சேரன்மகாதேவி வருவதற்குள் அவர் வேறு இருக்கைக்குப் போயிருப்பார்.

இப்படிப்பட்டவனுக்கு அம்பாசமுத்திரத்தில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் செண்பகம், பள்ளிக்கூட டீச்சர். பெண் பார்க்கப் போன அன்று நான் பேசியதையெல்லாம் ஒரு கொட்டாவிகூட விடாமல் கேட்டாள். அந்த இடத்திலேயே நான் முடிவு செய்துவிட்டேன். அவளுக்கும் சம்மதம் என்று தெரிந்தது. மிச்சம் இருந்தது அவள் அப்பா சுப்பையா அண்ணாச்சி. அரிசி ஆலை முதலாளி. ஒரு கை நெல்லை அள்ளி, ஊதி, பதர் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறவர். என்னையும் அப்படித்தான் பார்த்தார்.

"ஆபீஸ் வேலை போக, தம்பி என்னமோ ஆராய்ச்சி செய்யுதீயளாமே?"

"ஆமா அண்ணாச்சி. பேசாப்படக் காலத்துல இந்தப் பக்கம்…"

"சரி, சரி. நீங்க செய்யுததை ஒருநா நேர்ல பாக்கணும். பாத்துட்டுச் சொல்லுதேன்."

வேறு யாராக இருந்தாலும் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டி, காப்பி குடித்துவிட்டுத் திரும்பியிருப்பான். நான் அம்பாசமுத்திரத்திலேயே ஒரு படக்காட்சி ஏற்பாடு செய்தேன். அண்ணாச்சியையே சிறப்பு விருந்தினராகவும் போட்டேன்.

படம் என் நண்பன் மீரான் கொடுத்தது. மேலப்பாளையத்துக்காரன், சொந்தமாக புரொஜெக்டர் வைத்திருக்கிறவன். ஏதோ ஐரோப்பிய தேசத்துப் பழைய படம். மலைபோல் உடம்புள்ள ஒருவன் நரகத்துக்குள் விழுந்து பூதங்களைப் போட்டுப் புரட்டுகிறான். பேச்சே கிடையாது. அக்காலத்துக் கொட்டகைகளில் பேசாப்படம் ஓடும்போது ஒருவர் நின்று கதை சொல்வார், பக்கத்தில் வாத்தியம் முழங்கும். அதை அப்படியே மறுபடி செய்துகாட்டுவது என்று தீர்மானித்தேன். கதை சொல்கிறவன் நான். வாத்தியத்துக்கு அந்தப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் அடிக்கும் நையாண்டி மேளக் குழுவைப் பிடித்தேன். உருமி, பம்பை, தவில் என்று முழு வரிசை.

"நரகம் வரும்போது என்ன அடிக்கணும் தம்பி?" என்று என்னைக் கேட்டார் மேளக்காரர்.

"கொடையில சுடலை மாடன் சாமி சுடுகாட்டுக்கு வேட்டைக்குக் கிளம்பும்போது அடிப்பியளே, அந்த அடி."

"அது நல்லா எடுக்கும்" என்றார் அவர், உற்சாகமாக.

இந்த இடத்தில் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். வேட்டை அடி கேட்டால் கோமரத்தாடிகளுக்கு, அதாவது கொடையில் சாமி வந்து ஆடுகிறவர்களுக்கு, எந்த இடமானாலும் அருள் வந்துவிடும் என்பதைச் சான்றுகளோடு நிறுவி ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. எழுதியவன் நான். அடிக்குறிப்புகள் மட்டும் கட்டுரையில் பாதி. எழுதியதை நம்பவும் வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சுப்பையா அண்ணாச்சி அவர் குடும்பத்துச் சுடலை கோயிலின் கோமரத்தாடி என்பதையும் யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆய்வாளன் அல்லவா?

காட்சி நாள் சாயங்காலம். சமுதாயக் கூடம் நிரம்பி வழிந்தது. இரண்டு எட்டு முழ வேட்டியைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டியிருந்தோம். முன்வரிசையில் வெள்ளைச் சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக அண்ணாச்சி. ஒரு பக்கம் செண்பகம். இன்னொரு பக்கம் அவர் அக்கா காந்திமதி. (அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவருடையது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.)

மைக்கைப் பிடித்தேன். படத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் திரையைப் பற்றியும், திரைக்கு முன் விளக்கைப் பற்றியும், விளக்குக்கு முன் நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நெருப்பு கண்டுபிடிக்கப்பட்டதோடு பின்வரிசை பொறுமை இழந்தது.

"எய்யா, படத்தைப் போடும்யா!"

"இவரு முடிக்கதுக்குள்ள நாமளே நரகத்துக்குப் போயிருவோம் போலிருக்கே!"

அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருவழியாகப் படம் ஓடியது. அரைக்கால் சட்டையோடு பலசாலி வந்தான். வேட்டிகளைத் தைத்த தையல் அவன் வயிற்றின் குறுக்கே அறுவைச் சிகிச்சைத் தழும்பு மாதிரி கிடந்தது. பள்ளம் பிளந்தது, புகை எழுந்தது, கொம்பு முளைத்த பூதங்கள் கூட்டமாக வந்தன. ஒரு பூதத்தைக் காலைப் பிடித்துத் தூக்கி, அதைக் கொண்டே மற்ற பூதங்களை அடித்தான். கூடம் குதூகலித்தது.

"அண்ணாச்சி, மூட்டை தூக்க நம்ம மில்லுக்கு வாரானான்னு கேளும்!"

"ஏ, நம்ம மாடன் மாதிரில்லா இருக்கான்!"

இந்தக் குரலையாவது நான் கவனித்திருக்கலாம். நான் அந்தக் காலத்தில் புகையை எப்படிப் படம்பிடித்தார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை என்பதால் குரலை உயர்த்தினேன். பிறகு, பெரிய இசைமேதையைப்போலக் கையைத் தூக்கி மேளக்காரருக்குச் சைகை காட்டினேன்.

வேட்டை அடி விழுந்தது.

முன்வரிசையில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. "ஏஏஏய்!" என்று ஒரு சத்தம். அதுவரை யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியிராத சுப்பையா அண்ணாச்சி மேடைக்குத் தாவினார். என் கையிலிருந்த மைக்கைத் தட்டிவிட்டு, அது நின்ற கம்பியைப் பிடுங்கி, சுடலை கையில் வல்லயம் என்கிற ஈட்டி நிற்பதுபோலத் தரையில் ஊன்றினார். மைக் இல்லாமல் நான் நின்றது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

"எலே, படத்தை நிப்பாட்டவா வேண்டாமா?" என்று கத்தினான் மீரான்.

"நிப்பாட்டு!" என்று நானும் கத்தினேன்.

நிறுத்தினான். படம் நின்றது. பலசாலி ஒரு பூதத்தைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தபடி, ஆடுகிற அண்ணாச்சிக்குப் பின்னால் அசையாமல் நின்றான். கூட்டத்துக்கு அது இன்னும் பொருத்தமாகப் போய்விட்டது. குலவை கேட்டது. மேளத்தை நிறுத்தச் சொல்லி நான் கையாட்டினேன்.

"சாமி நிக்கும்போது மேளம் நிக்கப்படாது வே" என்றார் மேளக்காரர். இதுவும் என் கட்டுரையில் உண்டு.

சாமி கேட்டது: "யாருலே என்னைக் கூப்பிட்டது?"

கூடமே என்னைக் காட்டியது. மேளக்காரர் கம்பாலேயே காட்டினார். (அடி பிசகவில்லை. அந்த நிலையிலும் கவனித்தேன்.)

"எதுக்குலே கூப்பிட்ட?"

என்ன சொல்வது? பொய் சொல்லத் தைரியம் இல்லை. "பின்னணி இசைக்காக, சாமி."

"எனக்கு என்னலே வச்சிருக்க?"

சிறப்பு விருந்தினருக்கு வைத்திருந்த மாலையும் பொன்னாடையும் மேஜையில் இருந்தன. ஓடிப்போய் எடுத்துவந்து போட்டேன். அவை உரியவருக்கே போய்ச் சேர்ந்தன, வேறு பதவியில். போடும்போது பழக்க தோஷத்தில் என் வாய் தானாகத் திறந்து, "எங்கள் அழைப்பை ஏற்று வருகை தந்த…" என்று ஆரம்பித்தது. பின்வரிசையில் ஒருவர் கைதட்டியே விட்டார்.

நான் செண்பகத்தைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயை மூடியிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். கல்யாணம் போயிற்று; அடுத்த பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போய், எஞ்சிய ஆயுளைத் தேதிகளோடு கழிக்க வேண்டியதுதான் என்று முடிவு கட்டினேன்.

அப்போதுதான் காந்திமதி அத்தை எழுந்தார். "சாமி வந்தது வந்தாச்சு. ஒரு வாக்குக் கேட்டுருவோம்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "சாமி, இந்தப் பிள்ளைக்கு நம்ம பொண்ணைக் குடுக்கலாமா, வேண்டாமா? நாலு பேரு முன்னால சொல்லிரும்."

மேளம் பைய இறங்கியது. சாமி என்னை மேலும் கீழும் பார்த்தது. அள்ளிய நெல்லைப் பார்க்கிற அதே பார்வை.

"குடுக்கலாம்."

எனக்கு மூச்சு வந்தது.

"ஆனா இவன் வாயைத் திறக்கப்படாது."

"எப்பம் சாமி?"

"எப்பவும்."

"சாப்பிடணும்லா சாமி?" என்றார் அத்தை. அவருக்குப் பேரம் பேசாமல் கத்தரிக்காய்கூட வாங்கத் தெரியாது.

சாமி யோசித்தது. "சாப்பிடலாம். தேதி சொல்லப்படாது."

கூடம் அதிர்ந்தது. குலவை இல்லை, சிரிப்பு. சாமி என் நெற்றியில் திருநீறு பூசியது. யாரோ தண்ணீர் தெளித்தார்கள். அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, சாதுவாகக் கேட்டார்: "படம் முடிஞ்சிட்டோ?"

முடியவில்லை. கூட்டம் சந்தோஷமாகக் கலைந்துவிட்டது. அந்தப் பலசாலி நரகத்திலிருந்து மீண்டானா என்று அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் இன்றும் சிலர் என்னைக் கேட்கிறார்கள். சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

கல்யாணம் நடந்தது. மாமனார் வீட்டில் என் பெயர் 'பேசாப்படம்'. "பேசாப்படம் வந்திருக்கு, காப்பி போடுங்க" என்பார்கள். பந்தியில் உட்கார்ந்து "அந்த வருஷம்…" என்று நான் தொடங்கினால் போதும், ஒருவர் டம்ளரிலும் இன்னொருவர் இலைக்குப் பக்கத்துத் தரையிலுமாக வேட்டை அடியை எடுத்துவிடுவார்கள். என் மகள் 'அம்மா' என்று சொல்லக் கற்றதற்கும், கரண்டியால் அந்த அடியைத் தட்டக் கற்றதற்கும் அதிக இடைவெளி இல்லை. (இரண்டு தேதிகளும் என்னிடம் உண்டு. சொல்லப்படாது.)

ஒன்றே ஒன்று மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. மேடைக்குத் தாவுவதற்கு முன் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மகள் கையில் கொடுத்ததை மீரான் பார்த்திருக்கிறான். அருள் வந்தவர் கண்ணாடியை மடிப்பாரா? செண்பகத்தைக் கேட்டேன். "அப்பா குடுக்கலை. உடைஞ்சிரும்னு நான்தான் கழத்துனேன்" என்கிறாள். மீரான் என் நண்பன். செண்பகம் அவர் மகள். இரண்டு சான்றுமே நடுநிலையானவை அல்ல.

போன அறுவடைக்கு, ஆலையில் மாமா தனியாக இருக்கும்போது நேராகவே கேட்டுவிட்டேன். "மாமா, அன்னைக்கு அந்த உத்தரவைப் போட்டது சாமியா, நீங்களா?"

அவர் ஒரு கை நெல்லை அள்ளினார். ஊதினார். பதர் பறந்தது. "என்ட்ட எதுக்குக் கேக்கீரு? சாமிட்டல்லா கேக்கணும்" என்றார். நான் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தேன். அவர் பக்கத்திலிருந்த தகர டின்னில் விரல்களை வைத்து, மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார்.

ஆகவே, அன்று எனக்குத் தடை விதித்தது சுடலையா, சுப்பையா அண்ணாச்சியா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.