செத்தவர்களுக்கு சிக்னல்

பிரிட்ஜ் மெக்கானிக் வீட்டு பிரிட்ஜின் கதவு சரியாக மூடாது. மர நாற்காலி ஒன்றை முட்டுக் கொடுத்துத்தான் மூட வேண்டும். அன்று காலையிலும் அவர் மனைவி அதைத்தான் சொல்லிக் காட்டினாள். ஊரார் பிரிட்ஜெல்லாம் குளிர்கிறது, நம் வீட்டுப் பிரிட்ஜுக்கு மட்டும் வியர்க்கிறது என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே போனை வாயருகே பிடித்து, "வீட்டு பிரிட்ஜ். கதவு ரப்பர் மாத்தணும். போதுமா?" என்று பதிந்துகொண்டார். எழுதச் சோம்பல், வேலைகளையெல்லாம் குரலில்தான் பதிவார். படியிறங்கிப் போனவர், பழுது பார்க்கப் போன வீட்டில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். போன் மட்டும் வீடு திரும்பியது.

அப்போது அந்த ஊரில் பலூன் புதிது. சுற்றிலும் மலை, எங்கே கம்பம் நட்டாலும் சிக்னல் பாறையில் முட்டிக்கொண்டது. ஆகவே ஒரு கம்பெனி ராட்சத பலூனை வடத்தில் கட்டி வானத்தில் நிறுத்தியது. ஊர் பலூனோடு பேசும், பலூன் செயற்கைக்கோளோடு பேசும். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவுதான் என்றால் நம் ஜனங்களுக்குத் திருப்தி வருமா? பலூன் ஏறிய கையோடு டவர் சாமி இறங்கினார்.

முந்தைய அவதாரத்தில் கடைவீதியில் போன் உறை விற்றவர் அவர். ஆத்மாக்கள் எப்போதும் மேலேதான் இருந்தன, பழைய கம்பங்கள் எட்டவில்லை, இப்போது பலூன் அவர்கள் வாசலுக்கே போய்விட்டது என்றார். மூடிக் கிடந்த துணிக்கடை ஒன்று ஆசிரமமாயிற்று. விடியுமுன்பே வரிசை தெருமுனையைத் தாண்டியது. உயிரோடிருப்பவனுக்குப் பின்தெருவில் சிக்னல் கிடைக்காது. செத்தவனுக்கு முழு சிக்னல்!

முறை எளிது. செத்தவரின் போனைச் சாமியிடம் சில நாள் விட்டு வைக்க வேண்டும். பூட்டைத் திறந்து கொடுக்க வேண்டும். பூட்டிய போனுக்குள் ஆத்மா எப்படி நுழையும்?

மெக்கானிக்கின் மனைவியும் கொடுத்தாள். கறுப்புத் திரை போட்ட கூடத்தில், ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. அசல் அவர் குரல்.

"அன்பே, பிரிட்ஜ் கதவு ரப்பரை மாத்தாமலே வந்துட்டேன். என்னை மன்னிச்சிடு."

அவள் உடைந்து போனாள். ரப்பர் விஷயம் அவர்கள் இருவரைத் தவிர யாருக்குத் தெரியும்? கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. இன்னொரு சாட்சி இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. அதை அவளே பூட்டைத் திறந்து சாமி கையில் கொடுத்திருந்தாள். வாழ்நாளெல்லாம் "இந்தா" என்று கூப்பிட்ட மனுஷனுக்குச் செத்த பிறகு "அன்பே" எங்கிருந்து வந்தது என்றும் கேட்கவில்லை. மேலே போனால் மரியாதை வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு சாமி அடுத்த அடி வைத்தார். தொடர்பு நிலைக்க வேண்டுமானால் போனை ஆசிரமத்தின் தரையில் புதைத்துவிட வேண்டுமாம். அவள் சம்மதித்தாள்.

அதைக் கேட்டதும் கொதித்தவள் நாத்தனார், செத்தவரின் அக்கா. பலூன் நிலையத்தில் வடத்தை ஏற்றி இறக்கும் இயந்திரம் அவள் பொறுப்பு.

"அதுல என் தம்பியோட நிஜக் குரல் இருக்குடி. அதையா மண்ணுல போடப் போற?"

"அவரே பேசுறாரு அண்ணி. பழசு எதுக்கு?"

"எனக்கு ஒரு மிஸ்டு கால் கூட வரலையே. ஒரே தட்டுல தின்ன பய." ஜன்னல் வழியாகப் பலூனை அண்ணாந்து பார்த்தாள். "பலூன் இல்லாம அவன் பேசுவானா?"

"முடியாதாம். காத்துல பலூன் ஆடினாலே லைன் கட்டாயிடும்னு சாமியே சொல்லிட்டாரு."

ஆசிரமத்தில் ஒத்தாசைக்கு இருந்த சாமியின் மருமகன் விடுப்பு எடுக்கும் நாளிலெல்லாம் பலூன் ஆடும். அது வேறு கதை.

"நாளைக்குப் பழுது பார்க்க இறக்குறோம். நீ பேசிக்கிட்டே இரு. ஜன்னல் பக்கம் உக்காரு. போனைப் புதைக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் நீயே சொல்லு."

பலூன் இறங்கப் போவதைக் கம்பெனி எல்லாருக்கும் குறுஞ்செய்தியில் சொல்லியிருந்தது. செத்தவன் பேச்சுக்குக் காத்திருக்கும் ஊரில் கம்பெனி பேச்சை யார் படிப்பது?

மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. ஒலிபெருக்கி உருகிக்கொண்டிருந்தது. பாதியில் ஒருவர் தன் போனைத் தட்டிப் பார்த்தார். பக்கத்துக்காரரும் தட்டினார். வாசலில் ஒருவன் "ஹலோ, ஹலோ" என்று தெருவோடு பேசிக்கொண்டிருந்தான். ஊரில் ஒரு போனிலும் உயிரில்லை. செத்தவர் மட்டும் தெளிவாகப் பேசினார்.

அவள் கேட்டாள், "பலூன் உங்களுக்குத் தெரியுதாங்க?"

"நல்லா தெரியுது அன்பே. வெள்ளையா, என் காலடியிலேயே நிக்குது."

அவள் ஜன்னல் திரையை இழுத்தாள். எதிர் மைதானத்தில் பலூன் பிழிந்து போட்ட துணி மாதிரி கிடந்தது. அதன் பக்கத்தில் நாத்தனார் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

சாமி அசரவில்லை. ஆத்மா நேராகச் செயற்கைக்கோளுக்கே மாறிவிட்டது என்றார்.

"அப்ப இத்தனை நாள் பலூன் ஆடினப்ப மாத்தியிருக்கலாமே சாமி?" என்று கேட்டுக்கொண்டே அவள் பின்னறைக் கதவை நோக்கி நடந்தாள்.

ஒலிபெருக்கி பதறியது. அவள் புருஷன் குரலிலேயே பதறியது. "அன்பே, உள்ளே வராதே."

உள்ளே மருமகன் கணினியில் தட்டிக்கொண்டிருந்தான். போன்களில் இருந்த பதிவுகளைக் கேட்டுப் பழகி, அவன் தட்டுவதைச் செத்தவர்கள் குரலில் பேசியது அந்தப் பெட்டி. மேசை நிறைய பூட்டுத் திறந்த போன்கள். அவள் புருஷனுடையதும் அதிலே கிடந்தது. எடுத்துக்கொண்டாள்.

கூட்டம் உள்ளே பாய்ந்தது. அவரவர் போனைத் தேடிப் பிடுங்கினார்கள். அந்த அமளியிலும் ஒருவர் சாமியின் சட்டையைப் பிடித்து, பலூன் மறுபடி ஏறியதும் அப்பா பேசுவாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் நின்று அவருக்குப் பதில் சொன்னாள். "போனைப் பூட்டைத் திறந்து கொடுத்தீங்க, பேசுச்சு. மூளையையும் ஒரு தடவை திறந்து பாருங்கய்யா. அதுவும் பேசும்."

வீட்டுக்கு வந்து நாத்தனாரும் அவளும் சமையலறையில் உட்கார்ந்து அந்தப் பதிவைக் கேட்டார்கள். அன்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை. "வீட்டு பிரிட்ஜ். கதவு ரப்பர் மாத்தணும். போதுமா?"

பிரிட்ஜ் கதவுக்கு இன்றும் அந்த நாற்காலிதான் முட்டு.