பெரிய வாய்க்காலைத் தாண்டியவர்கள்

புதுச்சேரியில் காக்கை உண்டு, கடற்புறா உண்டு, மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே தவளை உண்டு. இவற்றோடு, வேறு எந்த ஊரிலும் இவ்வளவு செழிப்பாக வளராத இன்னோர் இனமும் உண்டு. அதற்குத் 'தாண்டியவர்' என்று பெயர். விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பெரிய வாய்க்காலின் கிழக்குக் கரைக்கு வாருங்கள். கூட்டமாகவே பார்க்கலாம்.

பெரிய வாய்க்கால் உங்களுக்குத் தெரியும். ஊரை வெள்ளைக்காரர் பக்கம், நம்மவர் பக்கம் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டு கடலைத் தேடிப் போகும் அந்தச் சாக்கடையை நீங்களும் மூக்கைப் பிடித்தபடி பாலத்தின் வழியாகக் கடந்திருப்பீர்கள். தாண்டியவர் அப்படிக் கடந்தவர் அல்லர். ஒரே தாவலில் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போனவர். எப்போது? அந்தக் காலத்தில். எதற்காக? பின்னால் பிரெஞ்சுப் போலீசு துரத்தியது. யார் பார்த்தார்கள்? பார்த்தவர்கள் எல்லாரும் காலமாகிவிட்டார்கள்.

இதில் எனக்கு ஒரு வியப்பு. ஐம்பத்து நாலாம் வருஷம் நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்குகிற வரையில் இந்த வாய்க்காலை யாரும் தாண்டியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. இறங்கிய மறுவாரத்திலிருந்து பார்த்தால் எண்ணெய்க் கடைக்காரர் தாண்டியிருக்கிறார், பள்ளிக்கூடத்து வாத்தியார் தாண்டியிருக்கிறார், கடைசி நாள் வரையில் ஒரு துரை வீட்டில் கோழி வறுத்துக்கொண்டிருந்த சமையற்காரர்கூடத் தாண்டியிருக்கிறார். அவரை எதற்காகப் போலீசு துரத்தியது என்று கேட்டேன். "அதெல்லாம் உனக்குப் புரியாது தம்பி" என்றார். புரியவில்லைதான். இப்போது கரையில் பத்துப் பேர் நின்றால், அதில் பதினோரு பேர் தாண்டியவர்கள்.

அடையாளம் கண்டுபிடிப்பது கடினமல்ல. மழை இல்லாவிட்டாலும் கையில் குடை இருக்கும். முதலில் தண்ணீரைப் பார்ப்பார், பிறகு அக்கரையைப் பார்ப்பார், பிறகு நாக்கால் ஒரு 'ச்சு' கொட்டுவார். "இப்ப குறுக்கிப்புட்டானுவ. அப்ப இன்னும் நாலடி அகலம்" என்பார். (வாய்க்காலின் இரு பக்கத்துக் கருங்கல்லும் அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து அசையாமல் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்லிவிடாதீர்கள்.) அடுத்து வேட்டியைத் தூக்கிக் கெண்டைக்காலில் ஒரு தழும்பைக் காட்டுவார். அது சைக்கிள் செயின் கடித்த தழும்பு என்பது அவருடைய மனைவிக்குத் தெரியும். கடைசியில், "முட்டி மட்டும் ஒத்துழைச்சா இப்பவும் ஒரு கை பாத்துடுவேன்" என்று பெருமூச்சு விடுவார். பெரிய கடை மார்க்கெட்டுக்கு நடந்து போய் மீன் வாங்கி வரும்போது ஒத்துழைக்கிற அதே முட்டிதான், கரைக்கு வந்ததும் முரண்டு பிடிக்கிறது.

இதுவரையில் யாருக்கும் கெடுதல் இல்லை. பொய் சொல்லிக்கொண்டு குடையோடு நிற்கிறவர்களால் ஊருக்கு என்ன வந்துவிடப் போகிறது? ஆனால் இந்த இனத்துக்கு ஒரு குணம். கால் நன்றாக இருக்கிற ஒருவன் தரையில் சும்மா நிற்பதை அதனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இனத்துக்குத் தலைவர் சக்கரபாணி. மேரியில், அதாவது நகர மன்றத்தில், முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கொடி மாறியும் அலுவலகங்களில் பிரெஞ்சுத் தாள்தான் ஓடிக்கொண்டிருந்ததால், ஓய்வுக்குப் பின்னும் அவருடைய பேனாவுக்கு ஓய்வில்லை. முத்திரைத் தாளில் ஏறாத எதுவும் உலகத்தில் நடக்கவில்லை என்பது அவருடைய சித்தாந்தம். சொந்த மகள் பிறந்த சேதியைக்கூடப் பதிவேட்டில் ஏற்றிவிட்டுத்தான் மாமியாருக்குச் சொன்னாராம்.

அவர் கண்ணில் பட்டான் கன்னியப்பன். ஊரை ஒட்டிய சாரம் கிராமத்துக்காரன், இருபத்தைந்து வயது. வீட்டார் நிலத்தில், இவன் பஞ்சாலையில். கூரையை ஒட்டிச் சுழல்கிற இயந்திரத் தண்டுகளுக்கு ஏறிப் பெல்ட் மாட்டுகிற வேலை. நடக்கத் தெரியாதவன் என்றே அவனைச் சொல்ல வேண்டும். ஆலைக்குப் போகிற வழியில் மதில் இருந்தால் மதில்மேல் போவான், இரண்டு மதிலுக்கு நடுவில் சந்து இருந்தால் சந்துக்கு மேலே போவான், கடற்கரையில் புயல் உடைத்துப்போட்ட பழைய பாலத்தின் இரும்புக் கால்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிக் கடைசிக் காலின்மேல் உட்கார்ந்து அலைகளுக்கு நடுவில் நிம்மதியாகச் சுண்டல் தின்பான். எதற்கடா இது என்று ஒருமுறை கேட்டேன்.

"மேல போறப்ப ஒண்ணுமே இருக்காதுங்க. மேஸ்திரி இருக்க மாட்டாரு, ஆலைச் சங்கு இருக்காது, நான்கூட இருக்க மாட்டேன். கால் தரையில பட்டதும் எல்லாம் திரும்ப வந்துடும்" என்றான்.

பொய் சொல்ல மாட்டேன், அவன் தாவுவது அழகாக இருக்கும். பார்க்கிறவனுக்கும் அந்த ஒரு நொடி வீட்டு வாடகை மறந்துபோகும். பயமே இல்லாதவன் என்று ஊர் அவனைப் பற்றிச் சொன்னது. எனக்குத் தெரிந்து அந்தக் கரையில் பயம் இருந்தவன் அவன் ஒருவன்தான். கல்லைக் கையால் தடவிப் பார்ப்பான், கயிறு பிடித்து அளப்பான், ஓடி வருகிற தூரத்தை அடி அடியாக எண்ணுவான், மனசு சரியில்லை என்றால் வீட்டுக்குப் போய்விடுவான். தாண்டியவர்கள் எதையும் அளப்பதில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம், மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு. பெரிய வாய்க்காலைக் கன்னியப்பன் தாண்டப் போகிறான் என்று சக்கரபாணி ஒரு வாரமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பதினேழு அடி. கரையில் குடைகள் கூடிவிட்டன. கன்னியப்பன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாலத்தின் வழியாக அக்கரைக்குப் போய்க் குனிந்து கல்லைத் தடவினான். திரும்பி வந்தான்.

"கல்லு ஈரமா இருக்குதுய்யா. அடுத்த வாரம் பாக்கலாம்."

"ஈரமா!" சக்கரபாணி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "நாங்க தாண்டினப்ப அடை மழைடா. பின்னால போலீசு. ஈரமா இருக்குதான்னு பாத்துக்கிட்டா நின்னோம்?"

எண்ணெய்க் கடை தெய்வசிகாமணி, "வுடுங்க. வூட்டுல திட்டு வுழும்போல இருக்குது" என்றார். சிரிப்பு. கன்னியப்பனும் சேர்ந்து சிரித்தான். சட்டையை எடுத்து மாட்டினான். முதல் பித்தானையும் போட்டுவிட்டான்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், அதிகச் சத்தமில்லாமல், "இதெல்லாம் ஒரு அகலமா?" என்றது.

கன்னியப்பன் அந்தப் பித்தானைக் கழற்றினான்.

ஓடி வந்தான். கரையோரக் கல்லில் இடது கால் பட்டது. எழும்பினான். அந்த உயரத்தில் ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை. குடைகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நின்றன. பிறகு வலது காலின் பெருவிரல் அக்கரைக் கல்லின் விளிம்பில் பட்டு வழுக்கியது. எலும்பு முறிந்த சத்தம் இக்கரைக்குக் கேட்டது.

அவன் சாக்கடைக்குள் கிடந்தபோது கரையில் என்ன நடந்தது தெரியுமா? விவாதம். தொட்டது என்று ஒரு கட்சி, தொடவில்லை என்று ஒரு கட்சி. தொட்டால் தாண்டியதாகுமா என்று மூன்றாவதாக ஒரு கட்சி. வாய்க்காலை ஒரே தாவலில் கடந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் அதில் இறங்க மனம் வரவில்லை. ஆளை உட்காரவைத்துப் புஸ்புஸ் வண்டி தள்ளுகிற அம்மாவாசை என்பவன், வாழ்க்கையில் எதையுமே தாண்டாதவன், வண்டியை நிறுத்திவிட்டு இடுப்பளவுச் சகதியில் இறங்கி அவனைத் தோளில் தூக்கி வந்து, அதே வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. மூன்று மாதம் ஆகும் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் காலையில் கன்னியப்பனுடைய மனைவி செல்வாம்பாள் சக்கரபாணியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, ஆலைக்கு ஒரு மனு எழுதிக் குடுக்கணும். தவறி வுழுந்து அடிபட்டா மூணு மாசம் எடம் வெச்சிருப்பாங்களாம். குடிச்சிட்டோ வெளையாடியோ ஒடைச்சிக்கிட்டா பேர அடிச்சிடுவாங்களாம். வாய்க்கா ஓரமா நடந்து போறப்ப வழுக்கி வுழுந்துட்டாருன்னு போட்டுடுங்க. அந்த வேலைய வுட்டா எங்களுக்கு வேற ஒண்ணும் இல்லீங்க."

"நீ கவலப்படாத போ. என்னால ஆனத செய்யறேன்" என்றார் சக்கரபாணி. உண்மையாகவே கண் கலங்கினார். அவரும் மனிதர்தானே.

ஆனால் வழுக்கி விழுந்தான் என்று எழுத ஒரு தாண்டியவருக்குக் கை வருமா? கரை முழுவதும் நின்று பார்த்த ஒரு தாவலை, கால் இடறிய சமாசாரமாக எழுதுவதா? அப்படி எழுதினால் அங்கே நின்றவர்கள் எல்லாரும் யார்? ஒருவன் இடறியதை வேடிக்கை பார்த்தவர்கள்! இரண்டு நாள் உட்கார்ந்து, முத்திரைத் தாளில், தேன் ஒழுகுகிற பிரெஞ்சில் எழுதினார். ஐம்பத்தேழாம் வருஷம் இன்ன தேதி மாலை ஐந்தே கால் மணிக்கு, முசியே கன்னியப்பன் தம் சொந்த விருப்பத்தின் பேரில், வீர விளையாட்டாக, பெருந்திரளான மக்கள் முன்னிலையில் பெரிய வாய்க்காலைத் தாண்டினார். அவருடைய வலது காலின் பெருவிரல் மேற்குக் கரையைத் தொட்டது. ஆகவே தாண்டியதாகவே கொள்ள வேண்டும். அதன் பிறகு நேர்ந்த விபத்து இந்தச் சாதனையை எவ்விதத்திலும் குறைக்காது. கீழே சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். தம் பெயருக்குப் பக்கத்தில் 'இவரும் முப்பத்தாறில் தாண்டியவர்' என்று சேர்க்கச் சொல்லித் தெய்வசிகாமணி அரை நாள் சண்டை போட்டார். சேர்த்தார்கள். மொத்தம் பதினோரு கையெழுத்து. அம்மாவாசையின் பெயர் இல்லை. அவன் சாக்கடையில் இருந்ததால் சரியாகப் பார்த்திருக்க முடியாது என்று முடிவாயிற்று.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நகலும் எடுத்தார்கள்.

"வழுக்கி வுழுந்தாருன்னு போட்டுட்டீங்களாய்யா?" என்று கேட்டாள் செல்வாம்பாள்.

"அதவிட நல்லா போட்டிருக்கேன்" என்றார் சக்கரபாணி.

பிரெஞ்சு தெரியாத அவள் அந்தத் தாளை மஞ்சள் துணியில் சுற்றி, சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்து எடுத்துக்கொண்டு, ஆலை வாசலில் தானே கொடுத்தாள். மானேஜர் படித்தார். ஓரத்தில் நாலு எழுத்து எழுதினார். கிளார்க்குதான் அவளை வெளியே கூப்பிட்டு விளக்கினார்.

"யாரும்மா எழுதினது? நல்லா எழுதியிருக்காரு. இஷ்டப்பட்டு, வெளையாட்டுக்காகத் தாண்டினாருன்னு பதினோரு பேர் கையெழுத்து போட்டிருக்காங்க. இனிமே யார் வந்து என்னா சொன்னாலும் எடுபடாது. பேர அடிச்சாச்சு."

அடுத்த ஞாயிறு அவள் கரைக்கு வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தோம். கத்தவில்லை.

"நீங்கல்லாம் தாண்டினதுக்குக் காயிதம் இருக்குதாய்யா?" என்றாள். "உங்க யாருக்கும் இல்லாத காயிதம் எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் எதுக்குய்யா?"

சக்கரபாணி குடையை விரித்து, மடக்கி, மறுபடியும் விரித்தார். "நாங்கல்லாம் பேருக்கு ஆசப்படலம்மா" என்றார்.

செல்வாம்பாள் இப்போது கட்டட வேலையில் செங்கல் சுமக்கிறாள். கன்னியப்பன் தடியூன்றி நடக்கிறான். ஞாயிறு தவறாமல் கரைக்கு வருகிறான். அவனுக்கு முன்வரிசை, அவனுக்குத்தான் முதல் டீ. ஊரில் உண்மையாக எழும்பியவன் ஒருவன் கிடைத்துவிட்டதால் மற்றத் தாண்டியவர்களுக்கும் மவுசு கூடிவிட்டது. சட்டைப் பையில் அந்த நகல் எட்டாக மடிந்து கிடக்கிறது. கேட்டால் காட்டுவான். இப்போதெல்லாம் கேட்காவிட்டாலும் காட்டுகிறான்.

போன மாதம் பிள்ளைச்சாவடியிலிருந்து முருகையன் என்று ஒருவன் வந்தான். வலை இழுத்து முறுகிய உடம்பு. கயிறு பிடித்து அகலத்தை அளந்தான். தலையைச் சொறிந்தான். கன்னியப்பன் தடியை மாற்றி ஊன்றிக்கொண்டு அவனைப் பார்த்தான். எச்சரிக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"எனக்கு அன்னிக்கு கல்லு ஈரம்" என்றான் கன்னியப்பன். "இன்னிக்கு காஞ்சில்ல கெடக்குது. உனக்கென்னா?"

முருகையன் நல்லவேளையாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இந்த இனத்தைப் பற்றி எனக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தாளில் ஏழாவது கையெழுத்து என்னுடையது. அன்றைக்குப் பின்னாலிருந்து 'இதெல்லாம் ஒரு அகலமா?' என்றதும் நான்தான். நான் அந்த வாய்க்காலைப் பாலத்தின் வழியாகத்தான் கடந்திருக்கிறேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்ல வேண்டும். கன்னியப்பன் சட்டையை மாட்டி முதல் பித்தானைப் போட்டபோது உங்களுக்கு நிம்மதியாக இருந்ததா, 'அட, இவ்வளவுதானா?' என்று இருந்ததா?

பதினொன்றாவது பெயருக்குக் கீழே அந்த நகலில் இன்னும் இடம் இருக்கிறது. பேனா சக்கரபாணியிடம் எப்போதும் இருக்கும்.