மாப்பிள்ளையின் ஐந்து-நான்கு-ஒன்று

தேசியக் கால்பந்து அணியின் பயிற்சியாளரும் என் ஒரே மகளின் கணவருமான மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும், கோல்கீப்பருக்கு முன்னால் ஐந்து பேர் ஒரு வரிசை, நான்கு பேர் ஒரு வரிசை என்று குடியிருக்கும் ஒன்பது பேரும் நலமாகவே இருப்பீர்கள். தொலைவில் தனியாக நிற்கும் அந்தப் பத்தாவது ஆளைப் பற்றித்தான் கவலை. அவருக்கு யாராவது சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்களா?

எனக்குக் கால்பந்து தெரியாது. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வரைபடம் வரைந்தவன். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். ஆனாலும் உங்கள் இரண்டு ஆட்டங்களையும் தொலைக்காட்சியில் பார்த்து, நிமிடத்துக்கு ஒரு முறை நம் ஆட்கள் நின்ற இடத்தைக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் குறித்தேன். நம் கோலுக்கு முன்னால் புள்ளிமேல் புள்ளி விழுந்து தாளே கிழிந்துவிட்டது. எதிரணிப் பக்கத்தில் அழுக்குக்கூட இல்லை. வீணாக்க மனமில்லாமல் இந்தக் கடிதத்தை அதில்தான் எழுதுகிறேன். முன்னால் நிற்கும் அந்த ஒற்றை ஆள் முதல் ஆட்டத்தில் நான்கு முறை பந்தைத் தொட்டார். அதில் ஒன்று, வெளியே போன பந்தை எடுத்து எதிராளியிடம் கொடுத்தது. நல்ல பண்பு. இரண்டு ஆட்டங்களும் கோலின்றி முடிந்தபின் நிருபர்களிடம், "எங்க திட்டம் எதிரிக்குப் புரியவே இல்ல" என்று சொன்னீர்கள். உண்மை. நம்மவர்களுக்கும் புரியாததால் இரகசியம் வெளியே போக வழியே இல்லை.

முடி வெட்டப் போனால், கடைக்காரர் என் கழுத்தில் துணியைக் கட்டி, இனி நான் எழுந்து ஓட முடியாது என்று உறுதி செய்துகொண்டு, "கல்யாண போட்டோவுலயும் உங்க மாப்பிள்ள அஞ்சு பேர முன்னால நிறுத்திட்டுத்தான் நின்னாரா சார்?" என்கிறார். "அப்படியெல்லாம் இல்லைங்க" என்று உங்களுக்காக வாதாடினேன். வீட்டுக்கு வந்து ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். ஆறு பேர்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஜெயிக்காவிட்டால் உங்கள் வேலை போய்விடும் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. போனால் வீட்டுக்கு வருவீர்கள். உங்கள் வீடு, தாராளமாக வரலாம். ஆனால் போன தடவை வேலையில்லாமல் இருந்த எட்டு மாதங்களை நினைத்துப் பார்க்கிறேன். சாப்பாட்டு மேசையில் எனக்கு இடது ஓரம், மகள் அடுப்படிக்கு எழுந்தால் அவள் இடத்துக்கு நான் நகர வேண்டும், நகரத் தாமதமானால் "இடைவெளி விடாதீங்க மாமா! இடைவெளி!" என்று கத்துவீர்கள், வாயில் இருப்பதை விழுங்குவதா நகர்வதா என்று புரியாமல் எனக்கு விக்கல் வந்துவிடும். காய்கறி வாங்க மூன்று பேர் போனோம், இரண்டு பேர் பின்னால் காவல் நின்றோம், மூன்றாமவர் கடைக்குள் நுழைவதற்குள் கடையைச் சாத்திவிட்டார்கள். வாசல் மணி அடித்தால் யாரும் கதவுப் பக்கம் போகக் கூடாது, எல்லோரும் பின்னறைக்கு ஓடி வந்து வரிசையில் நிற்க வேண்டும். தபால்காரர் நாம் வீட்டையே காலி செய்துவிட்டோம் என்று எழுதிவிட்டார். எழுபத்து நான்கு வயதில் எனக்கு மிஞ்சியிருப்பது ஜன்னலோரம் ஒரு நாற்காலியும் கொஞ்சம் நிம்மதியும். அவை உங்கள் வேலையை நம்பித்தான் இருக்கின்றன.

ஆகவே, அந்த ஐந்து பேரில் ஒருவரை, ஒரே ஒருவரை, முன்னால் அனுப்புங்கள். "அப்பா, அவர் மனசு நோகாம எழுதுங்க" என்றாள் மகள். எனவே 'அனுப்புங்கள்' என்பதை 'அனுப்பலாமோ' என்று திருத்திப் படிக்கவும்.

நீங்களும் அணியும் நீண்ட ஆயுளோடு, முடிந்தால் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் சென்று, சீரும் சிறப்புமாக வாழ வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு (ஞாயிறு, ஆட்டம் முடிந்த பிறகு): தைரியம் வராமல் ஐந்து நாட்களாக இதைத் தபாலில் சேர்க்கவில்லை. மகள் இதைத் தேடி எடுத்து நேற்றே போனில் உங்களுக்கு வாசித்துவிட்டாளாம். நீங்களும் பெரியவர் சொல்லைத் தட்டாமல், ஒருவர் போதாதென்று ஐந்து பேரையும் முன்னால் அனுப்பிவிட்டீர்கள். ஏழு கோல். நாம் வாங்கியது. மேலே எழுதிய அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்கள் பழைய ஏற்பாடு மிகச் சிறந்தது, எழுதியவன் ஆட்டம் தெரியாதவன். செவ்வாய் காலை நீங்கள் வீட்டுக்கு வருவதாக மகள் சொன்னாள். நான் திங்கள் மதிய ரயிலில் என் தம்பி வீட்டுக்குப் போகிறேன். தப்பி ஓடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கற்றுக் கொடுத்தபடி, இதற்குத் தற்காப்பு என்று பெயர்.