பூங்காவுக்கு ஒரு பூட்டு

"ஆறு மணிக்கு மேல அந்தப் பூங்காவுல ஈ எறும்புகூட இருக்கக் கூடாது!" என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முழங்கியபோது அவர் கையில் ஒரு பந்து இருந்தது. ஜன்னல் வழியாக வந்து, காபியைக் கவிழ்த்துவிட்டு, அவர் மடியிலேயே உட்கார்ந்துகொண்ட பந்து. அந்த மாதத்தில் ஏழாவது.

நேரமும் கூடி வந்தது. காவல் நிலையத்திலிருந்து வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு இந்தப் பகுதியில் எந்தத் தொல்லையை முதலில் கவனிக்கலாம் என்று குடியிருப்பவர்களே சொல்ல வேண்டுமாம். ஞாயிறு காலை நூலகக் கூடத்தில் கூட்டம். மனுவோடு கையெழுத்துகளும் வேண்டும்.

மனு எழுத அரை மணி நேரம்தான் ஆனது. கையெழுத்துதான் சிக்கல். தெருவில் அவரோடு முகம் கொடுத்துப் பேசுகிறவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் வெளியூர் போயிருந்தார்.

"ஏம்மா, நீ போய் வாங்கிட்டு வாயேன்."

மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்ப்பவள். தாளை வாங்கிப் பார்த்தாள்.

"பூட்டணும், பூட்டணும், பூட்டணும்னு ஒன்பது தடவை எழுதியிருக்கீங்க."

"பத்து. பின்பக்கம் பாரு."

"இந்தக் கிறுக்கலைக் காட்டினா ஒருத்தரும் போட மாட்டாங்க. நான் அழகா அடிச்சுக் கொண்டு வரேன்."

மறுநாள் அவர் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் தாளை நீட்டினாள்.

"படிச்சுப் பார்த்துட்டுப் போடறேனே."

"நீங்க எழுதினதை நீங்களே படிக்கணுமா?"

நியாயமாகத்தான் பட்டது. முதல் கையெழுத்து கம்பீரமாக வளைய வேண்டும் என்பதிலேயே அவர் கவனம் இருந்தது. ஊருக்கெல்லாம் பார்வை கொடுப்பவர், தன் தாளைப் பார்க்காமல் போட்டார்.

நாலு நாளில் அறுபத்திரண்டு கையெழுத்து.

"மாடி வீட்டம்மாவுமா?" அவரால் நம்ப முடியவில்லை.

"அவங்கதான் ரெண்டாவது."

கசங்கிவிடும் என்று மனுவை உறையில் போட்டு ஒட்டியும் வைத்தாள். என்ன பொறுப்பு என்று உருகிப் போனார்.

ஞாயிறன்று கூடத்தில் நிற்க இடமில்லை. மேஜைக்குப் பின்னால் பெண் உதவி ஆய்வாளர். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"எங்ககிட்ட இருக்கிறது ஒரு ஜீப், ரெண்டு ஆள். எல்லாத்தையும் பண்றோம்னு பொய் சொல்ல மாட்டேன். ஒண்ணைச் சொல்லுங்க, அதை முடிக்கிறோம்."

கண்ணாடிக் கடைக்காரர் எழுந்தார். உறையைக் கிழித்தார். தொண்டையைச் செருமினார்.

"மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு. பூங்காவை ஒட்டியுள்ள சந்தில்..."

சந்தா? அவர் சந்தைப் பற்றி எழுதவே இல்லையே! தாளைத் திருப்பினார். கையெழுத்துகள். மறுபடி திருப்பினார். அதே சந்து. முன்வரிசையில் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகள், தலை குனிந்தபடி.

"படிங்க சார்" என்றார் ஆய்வாளர்.

"...சந்தில் நான்கு மாதமாக விளக்கு எரியவில்லை. எண் பலகை இல்லாத மோட்டார் சைக்கிளில் ஒருவன், வேலை முடிந்து வரும் பெண்களின் வழியை மறிக்கிறான். இதுவரை ஒன்பது பேர். சென்ற செவ்வாய்க்கிழமை..."

குரல் இறங்கியது.

"...சென்ற செவ்வாய்க்கிழமை, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை முடிந்து வந்த என் மகளைச் சுவரோடு நிறுத்தி, அவள் கைப்பையைப் பிடித்து..."

செவ்வாய்க்கிழமை. அன்று அவள் வார் அறுந்த பையோடு வந்தாள். சாமானைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று இவர் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். அவள் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டே கேட்டாள். இப்போது தலை நிமிர்ந்து, 'படிங்கப்பா' என்பதுபோல் பார்த்தாள்.

கடைசி வரை படித்தார். பூங்காவில் ஆள் நடமாட்டம் இருந்தால்தான் சந்தும் பத்திரம். ஆகவே இரவு ஒன்பது வரை அதைத் திறந்தே வைக்க வேண்டும். பந்து விளையாடும் பிள்ளைகளுக்காக நல்ல விளக்கு போட்டுத் தர வேண்டும். இப்படிக்கு, அவரேதான்.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. பின்வரிசையிலிருந்த பந்துக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

"முதல் வேலை இதுதான். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை ரோந்து. நாளையிலிருந்து" என்று எழுதிக்கொண்டார் ஆய்வாளர்.

மறுநாளே விளக்கு எரிந்தது. நான்காம் நாள் சாயங்காலம் சந்துக்குள் மோட்டார் சைக்கிள் உறுமியது. மகள் நடந்து வந்துகொண்டிருந்தாள். நாற்பதடி பின்னால் காவலாக வந்துகொண்டிருந்தார் கண்ணாடிக் கடைக்காரர். வண்டி அவளைத் தாண்டி, வட்டமடித்து, குறுக்கே நின்றது. அவர் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது. பூங்காவிலிருந்து பதினோரு பேர் சுவரேறிக் குதித்தார்கள். அந்தப் பக்கம் ஜீப் வந்து அடைத்தது. அவ்வளவுதான், ஆள் அகப்பட்டான்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தவருக்கு மகள்தான் தண்ணீர் கொடுத்தாள். அவர் அவள் கையை விடவில்லை. மனைவி பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? 'நாளையிலேருந்து வேலைக்குப் போகாதே'ன்னு இவளைப் பூட்டியிருப்பீங்க."

"எழுதச் சொன்னதே நான்தாம்பா" என்றாள் மகள்.

"சரி, கூட்டத்துல நீயே படிச்சிருக்கலாமே?" என்றார் மனைவியிடம்.

"நான் படிச்சா நீங்க எழுந்து எதிர்த்துப் பேசுவீங்க. கூட்டமே கலைஞ்சு போயிருக்கும்."

ஆனாலும் மனிதனுக்கு ஒரு ஆறுதல் வேண்டாமா? கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எது எப்படியோ, முதல் கையெழுத்து என்னுது. அதைப் பார்த்துத்தானே அறுபத்தோரு பேரும் நம்பிப் போட்டாங்க?"

"இல்லீங்க. இதை நீங்க படிக்கவே இல்லைன்னு நான் உறுதியாச் சொன்ன பிறகுதான் போட்டாங்க."