செருப்புப் பூவுக்கு ஒரு தனி அறை

தலையே போனாலும் இந்த வருஷம் என் அறையை மச்சினனுக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே சபதம் செய்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் மனசுக்குள்தான் செய்தேன். அதனால் என்ன, சபதம் சபதம்தான்.

என் அறை என்றால் அரண்மனை இல்லை. பத்துக்குப் பத்து. கிழக்கே ஒரு ஜன்னல். ஒரு கட்டில், ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரேடியோ, பதினோரு வருஷத்துப் பழைய பேப்பர். இந்த வீட்டில் நான் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக உட்காரக்கூடிய ஒரே இடம் அது. அதற்கும் வருஷா வருஷம் ஆபத்து வரும். என் மனைவியின் தம்பி வருவான். "நாலே நாள்தான் அத்தான்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியை உள்ளே இழுப்பான். போன வருஷம் அந்த நாலு நாள் முடிய ஐம்பத்திரண்டு நாள் ஆயிற்று. அன்றிலிருந்து அவனுக்கு நான் வைத்த பெயர் நாலுநாள். ஐம்பத்திரண்டு நாளும் அவன் என் நாற்காலியில் சாய்ந்துகொண்டு என் ரேடியோவைக் கேட்டான். நான் கூடத்து சோபாவில் காலை மடக்கிக்கொண்டு கிடந்தேன். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று சும்மாவா சொன்னார்கள்? இத்தனைக்கும் இடத்தைக்கூட நான் கொடுக்கவில்லை. என் மனைவி கொடுத்தாள்.

"அடுத்த மாசக் கடைசியில தம்பி வரான்" என்று அவள் சொன்ன அன்றே வேலையில் இறங்கினேன். நேராக முடியாது என்று சொல்லலாம். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து நேராகப் பேசி நான் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. சுற்று வழிதான் சரி.

வழியைக் காட்டியது எங்கள் ஆபீஸ். குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவு என்னுடையது. "நாளைக்கு வந்துடும் சார்" என்று போனில் சொல்வது என் உத்தியோகம். எங்கள் மேலதிகாரி தன் ஜன்னலோரம் ஒரு செருப்பு ஆர்கிட் வைத்திருக்கிறார். பூவின் நடுவில் ஒரு சின்னச் செருப்பு மாதிரி பை தொங்கும். அதை யாரும் தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது, அந்தப் பக்கம் நாற்காலி போடக் கூடாது. கூட்டுகிற அம்மா ஒரு நாள் அதை அரை அடி தள்ளி வைத்ததற்கு ஆபீஸே அதிர்ந்தது. இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் போட்ட என்னை மூன்று தடவை இடம் மாற்றினார்கள், ஏன் என்று கேட்க நாதியில்லை. ஒரு செடிக்கு இவ்வளவு மரியாதை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதோடு யோசனையும் வந்தது.

அன்று சாயங்காலமே நர்சரிக்குப் போனேன். புள்ளி போட்ட நாலு இலையோடு ஒரு செடியை எடுத்துக் கொடுத்தார் நர்சரிக்காரர்.

"மண்ணுல வைக்காதீங்க சார். மரப்பட்டைத் துண்டு, கொஞ்சம் கரி, அது போதும். தொட்டி சின்னதா இருக்கட்டும். நேர் வெயில் ஆகாது, காத்தோட்டம் வேணும். காயவும் விடாதீங்க, ஊறவும் விடாதீங்க. தொட்டியைத் தூக்கிப் பாருங்க, லேசா இருந்தா மட்டும் தண்ணி. நடுக்குருத்துல தண்ணி தேங்கவே கூடாது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சார்."

அவருக்கு அவ்வளவுதான். எனக்குப் போதாது. மீதி விதிமுறைகளைப் பஸ்ஸில் வரும்போது நானே தயார் செய்தேன்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"செருப்பு ஆர்கிட்."

"செருப்புன்னா வாசல்லயே விடுங்க."

"பூ செருப்பு மாதிரி இருக்கும். ரொம்ப உசத்தியான ஜாதி."

"பூவைக் காணோமே?"

"வரும். அதுக்குத் தனி ரூம் வேணும். காத்தோட்டம் வேணும். கிழக்கு ஜன்னல் வேணும்."

"கிழக்கு ஜன்னல் உங்க ரூம்லதான இருக்கு?"

"என்ன பண்றது, கொடுத்துதான் ஆகணும்" என்று பெருமூச்சு விட்டேன்.

"அப்ப தம்பி வந்தா?"

இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன்! குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "அங்கதான் சிக்கல். இந்தச் செடிக்கு எல்லார் மூச்சும் ஆகாது. எந்தக் கை தொட்டியில நட்டு வைக்குதோ, அந்த ஒரு ஆளோட மூச்சுக்குத்தான் பழகும். வேத்து மூச்சு பட்டா குருத்து கருகிடும்."

சண்டைக்குத் தயாராக நின்றேன். சண்டை வரவில்லை.

"அப்படியா? பாவம்" என்றாள் அவள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "காத்தோட்டம் வேணும்ங்கறீங்க. அந்த ஜன்னல்தான் திறக்கவே வராதே?"

"ஆசாரியைக் கூப்பிட்டுச் சரி பண்றேன்."

"பழைய பேப்பர்ல ராமபாணப் பூச்சி ஓடுது. செடிக்கு ஆகுமா?"

"ஆகாது. தூக்கிப் போட்டுடறேன்."

"செவுத்துல பூஞ்சை பூத்திருக்கே?"

"சுரண்டிட்டு பெயின்ட் அடிச்சா போச்சு."

"ஃபேன் கடகடன்னு ஆடுது. தலையில விழுந்து வச்சா? செடி தலையிலதான் சொல்றேன்."

கேட்கக் கேட்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம்பிவிட்டாள்! ஆபீசுக்கு லீவு போட்டேன். பேப்பர் கட்டுகளைச் சுமந்து சுமந்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆசாரி ஜன்னலை இழைத்துக் கொடுத்தார். பெயின்ட் நானே அடித்தேன். ஃபேனைக் கழற்றி மாட்டினேன். வெயிலை மறைக்க மெல்லிய திரைச்சீலை போட்டேன். பத்து நாளில் அந்த அறை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அப்புறம் நடவு. சின்னத் தொட்டி போதும் என்று நர்சரிக்காரர் சொன்னார்தான். ஆனால் ஒரு தனி அறையே வாங்கித் தந்த செடியைத் தேநீர்க் கோப்பை அளவு தொட்டியிலா வைப்பது? என் மானம் என்னாவது? குடம் மாதிரி ஒன்று வாங்கிவந்தேன். மரப்பட்டையும் கரியும் கொட்டினேன். செடி ஆடியது. ஆடாமல் இருக்கக் குருத்து வரைக்கும் பட்டையைப் போட்டு அழுத்தினேன்.

"ஏங்க, கழுத்து வரைக்கும் புதைச்சிட்டீங்களே?" என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

"உள்ள வராத! மூச்சு!"

உடனே அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். செடிக்காகத்தான் பொத்திக்கொள்கிறாள் என்று நினைத்தேன். தோள் எதற்குக் குலுங்கியது என்று யோசிக்கவில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. காலையில் ஒரு பூவாளி, ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு பூவாளி, படுக்கப் போகும்போது தலையோடு ஒரு அபிஷேகம். தூக்கிப் பார்க்கச் சொன்னாரே என்று ஒரு தடவை தொட்டியைத் தூக்கினேன். ஏற்கனவே பிடித்திருந்த இடுப்பு மறுபடியும் பிடித்துக்கொண்டது. அதோடு அந்தச் சோதனையை விட்டுவிட்டேன்.

"இவ்வளவு தண்ணி தாங்குமாங்க?"

"ஊருக்கே தண்ணி விடற இலாகாவில இருக்கேன். எனக்கு நீ தண்ணி விடச் சொல்லித் தரியா?"

"உங்க இலாகா விடற மாதிரி விட்டாலே போதும். என்னைக்காவது ஒரு நாள்."

இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தை ஒரே வரியில் கவிழ்த்துவிட்டாள். எனக்கு ரோஷம் வந்தது. அன்று ஒரு பூவாளி கூடுதலாக ஊற்றினேன்.

மூன்றாவது வாரம் ஒரு இலை மஞ்சளாயிற்று. மறுநாள் இன்னொன்று. குருத்து காப்பிப் பொடி நிறத்துக்கு வந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் போனால் தேங்கின சாக்கடை வாசனை அடித்தது. செடி போனால் அறை போச்சு! நர்சரிக்காரரைக் கேட்டிருக்கலாம். ஆனால் குடிநீர் வாரியத்துக்காரன் போய்த் தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று கேட்பதா? இந்த லட்சணத்தில் ஆபீசில் என்னை இரண்டு நாள் வெளியூர் நீரேற்று நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். அறைக் கதவைச் சாத்தி, "யாரும் உள்ள போகக் கூடாது" என்று நாலு தடவை சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காதில் விழுந்தது. என் ரேடியோ. என் அறையிலிருந்து.

"உள்ள யாரு?"

"தம்பிதான். முன்னாடியே லீவு கிடைச்சுதாம், வந்துட்டான்" என்றாள் மனைவி, உலகத்தில் எதுவுமே நடக்காத மாதிரி.

"செடி என்னாச்சு?"

"நல்லா இருக்கு. நீங்க கிளம்பினதும் தொட்டியைக் கவுத்துப் பாத்தேன். அடியில கிணறு வெட்டி வச்சிருக்கீங்க. அழுகின வேரையெல்லாம் வெட்டிட்டு, புதுப் பட்டை போட்டு, சின்னத் தொட்டிக்கு மாத்திட்டேன். பெரிய குருத்து போயிடுச்சு. ஆனா பக்கத்துல ஒரு பச்சைக் கன்னு உயிரோட இருக்கு."

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கன்று பிழைத்ததில் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒரு நிமிஷம்தான். உடனே நியாயம் ஞாபகம் வந்தது.

"நீ எப்படி உள்ள போன? மூச்சு படக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"நட்டு வச்ச கை எதுவோ, அந்த ஆள் மூச்சுதான ஆகும்? இப்ப நட்டது நான்தாங்க."

"உன் தம்பி?"

"கூடப் பொறந்தவன். ரெண்டு பேருக்கும் ஒரே மூச்சு."

"அப்ப நான்?"

"அதைத்தான் யோசிக்கிறேன்" என்றாள், நிஜமாகவே கவலைப்படுகிறவள் போல. "நீங்க வேத்து மூச்சாயிட்டீங்களே."

நான் வேத்து மூச்சா! நான் அடித்த பெயின்ட், நான் மாட்டின ஃபேன், நான் இடுப்பொடிந்து சுமந்த அறை! விறுவிறுவென்று போய்க் கதவைத் தட்டினேன். கதவு ஒரு சாண் திறந்தது. நாலுநாளின் முகம் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் என் நாற்காலி தெரிந்தது.

"அத்தான், அங்கயே நில்லுங்க. இப்பதான் தேறிட்டு வருது" என்று ரகசியக் குரலில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

நுணலும் தன் வாயால் கெடும். நான் போட்ட விதியே என்னை வெளியே நிறுத்தியிருந்தது. பொய்யைக் காப்பாற்றினால் அறை அவனுக்கு. பொய்யை ஒப்புக்கொண்டால் அப்போதும் அவனுக்குத்தான், ஆனால் என் நாற்காலியிலாவது போய் உட்கார்ந்துகொள்ளலாம். வெட்கத்தை விட்டேன்.

"இந்தா பாரு, அந்த மூச்சு விஷயம் பொய். நானாக் கட்டிவிட்டது. செடிக்கு எல்லா மூச்சும் ஒண்ணுதான்!"

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா? எப்ப?"

"வாங்கிட்டு வந்த அன்னைக்கே. நர்சரிப் பையில போன் நம்பர் இருந்துது. கேட்டேன். அவர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு."

எனக்கு ரத்தம் கொதித்தது. "அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல? ஒரு மனுஷனை இத்தனை நாள் முட்டாளாக்கி வச்சு வேடிக்கை பாப்பியா? இது என்ன நியாயம்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த பையை வாங்கி சோபாவில் வைத்தாள்.

"தம்பிக்காக அந்த ரூமைச் சரி பண்ணிக் கொடுங்கன்னு மூணு வருஷமா கேட்டேன், நடக்கல. செடிக்குன்னதும் பத்தே நாள்ல முடிச்சுட்டீங்க."